இந்தியக் குடியுரிமையும் குடிமக்களின் கடமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போதோ, வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் வரும்போதோதான் நம்மில் பலருக்கு "நான் இந்தியர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வியே எழுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிக்கலான வழக்கு கையில் இருந்தால் இதைப் படித்துவிட்டு ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள்.

இந்த நாட்டில் வசிப்பதும் இந்த நாட்டின் குடிமக்களாக இருப்பதும் ஒன்றுதானே?

இல்லை. இந்திய மண்ணில் இருக்கும் எவருக்கும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சட்டத்தின் முன் சமத்துவம் (அரசியலமைப்பின் பிரிவு 14), உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு (பிரிவு 21), விரும்பிய மதத்தைப் பின்பற்றும் சுதந்திரம் (பிரிவு 25) எல்லாம் உண்டு. ஆனால் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, நாட்டின் எந்த ஊரிலும் குடியேறும் உரிமை ஆகியவற்றைத் தரும் பிரிவு 19 குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் பிரிவு 16, வாக்குரிமை தரும் பிரிவு 326 ஆகியவையும் அப்படித்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதும் குடிமக்களால் மட்டுமே முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாநிலக் குடியுரிமை என்று இந்தியாவில் எதுவும் கிடையாது. தாசில்தார் தரும் இருப்பிடச் சான்று கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு உதவும். அது குடியுரிமைச் சான்று ஆகாது.

இந்தியாவில் பிறந்தாலே இந்தியர்தானே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது அது பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 3, காலத்தை மூன்றாக வெட்டுகிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார், எந்த நாடு என்று சட்டம் கேட்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, பிறந்த நேரத்தில் தாய் தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளின் குழந்தைகள் எக்காலத்திலும் விலக்கு.

1950க்கு முன் பிறந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அரசியலமைப்பின் பிரிவு 5 முதல் 8 வரை பொருந்தும். இந்தப் பிரிவுகள் மட்டும் குடியரசு நாள் வரை காத்திருக்கவில்லை. அரசியலமைப்பு ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்தன. தேர்தல் நடத்தவும் ஆட்சி அமைக்கவும் முதலில் மக்கள் யார் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

2025இல் முதலில் பீகாரிலும் நவம்பர் முதல் தமிழ்நாட்டிலும் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், பிறந்த ஆண்டைப் பொறுத்து பெற்றோரின் ஆவணமும் கேட்கப்பட்டதற்கு இந்தத் தேதிகள்தான் காரணம்.

இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவர்களின் நிலை என்ன?

மேலே சொன்ன தேதிகள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே எப்படிக் கோடு கிழிக்கின்றன என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள். மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று நீதிமன்றம் 2022இல் சொன்னது. பாஸ்போர்ட் கிடைத்தது. பிறகு வாக்காளர் அட்டையும் வாங்கி, 2024 ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்களித்தார். அவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே அவரிடம் இருந்த உரிமையை அரசு முப்பத்தாறு வருடங்களாகப் பதிவு செய்யாமல் விட்டிருந்தது.

அதே முகாமில், அதே மாதிரிப் பெற்றோருக்கு, 1987 ஆகஸ்டில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் இந்தத் தீர்ப்பு அதற்கு உதவாது. 2004க்குப் பின் தமிழ்நாட்டுத் தாய்க்கும் அகதித் தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்கும் சிக்கல்தான். தந்தை பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறி. தாய் இந்தியர் என்பது மட்டும் போதாமல் போகிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் படித்து, வேறெந்த மண்ணையும் பார்த்திராத பிள்ளைகள் இவர்கள். இந்த விதி நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சில கதவுகள் மெல்லத் திறந்திருக்கின்றன. 2019 ஜூனில் மதுரைக் கிளை, முகாம்வாசிகள் சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை எடுக்கப்படாது என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை என்பது வேறு. ஆனாலும் முன்பு இருந்த இடத்தைவிட இது ஒரு அடி முன்னே.

முகாமில் 1987 ஜூன் 30க்குள் பிறந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றிதழை உடனே தேடி எடுங்கள்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த மலையகத் தமிழர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்களா?

அவர்கள் வேறு. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது.

இந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் தூதரகத்தில் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்தார்கள். ஆகவே நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறிய "தாயகம் திரும்பியோர்" முழுமையான இந்தியக் குடிமக்கள். வந்தபோது தந்த குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பேரப்பிள்ளைகள் இன்றும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. இலங்கையில் தங்கிவிட்டவர்களில் எஞ்சியோருக்கு அந்நாடு 2003இல் தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை வழங்கியது.

நாங்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறோம். குழந்தை அங்கே பிறந்தால் இந்தியரா?

வம்சாவளி மூலம் ஆகலாம், ஆனால் தானாக ஆகாது. பிறந்து ஓராண்டுக்குள் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் ஒன்றிய அரசின் அனுமதி தேவை. அதற்கு அலைச்சல் அதிகம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பிறந்த குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை பிறப்பிலேயே வந்துவிடும். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் இந்தியக் குடிமகனாகப் பதிய முடியாது. இரண்டும் இருக்கும்படி பதிவான குழந்தை, 18 வயது நிறைந்து ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தந்தை இந்தியராக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. தாயையும் கணக்கில் எடுக்க நாடு அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

இந்தியரைத் திருமணம் செய்தால் குடியுரிமை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. விண்ணப்பிக்கும் தகுதிதான் கிடைக்கும். பதிவு மூலம் குடியுரிமை கேட்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதேபோல, வெளிநாட்டவரை மணந்த இந்தியப் பெண்ணின் குடியுரிமை திருமணத்தால் போகாது.

இந்தியாவோடு எந்த உறவும் இல்லாத வெளிநாட்டவர் குடிமகனாக முடியுமா?

முடியும். இயல்புக் குடியுரிமை என்பது இதுதான். விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினோரு ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். முந்தைய நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஏதாவது ஒன்றில் போதிய அறிவு வேண்டும். இந்தியோ ஆங்கிலமோ தெரிந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலம் அந்த அட்டவணையிலேயே இல்லை, தமிழ் இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சட்டப்படி முழுத் தகுதி உள்ளவர்.

விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்து ஆட்சியர் அலுவலகத்தில் மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். அது மாநில அரசு வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். முடிவு அங்கேதான். ஒப்புதல் வந்தபின் அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி போன்றவற்றில் பெரும்பணி ஆற்றியவர்களுக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த பொருளியலாளர் ஜான் திரேஸ் 2002இலும் பாடகர் அத்னான் சாமி 2016 ஜனவரி 1 அன்றும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்.

சிஏஏ எனப்படும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் வருவார்களா?

வரமாட்டார்கள். 2019இல் இயற்றப்பட்டு, 2024 மார்ச் 11 அன்று விதிகள் வெளியான அந்தத் திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கானது. அவர்களுக்குப் பதினோரு ஆண்டு நிபந்தனை ஐந்தாகக் குறைக்கப்பட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. நான்கு தலைமுறைத் துயரத்தைச் சுமந்துவந்த மக்களை ஒரு நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக வெளியே நிறுத்தியதும், மதத்தைக் குடியுரிமைக்கு அளவுகோல் ஆக்கியதும் தவறு என்பதே என் கருத்து. சட்டம் குறித்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்கின்றன.

புதுச்சேரியில் சிலர் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கிறார்களே, அது எப்படி?

ஒரு நிலப்பரப்பு இந்தியாவோடு இணையும்போது அங்குள்ள மக்கள் மொத்தமாகக் குடியுரிமை பெறுவது இன்னொரு வழி. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குடும்பங்கள் பல. அவர்களின் வாரிசுகள் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு வாக்களிக்கிறார்கள். நம் சட்டமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

கோவா, சிக்கிம் மக்களும் இதே வழியில்தான் வந்தார்கள். 2015 ஜூலை 31 நள்ளிரவில் வங்கதேசத்துடன் நிலத் திட்டுகளைப் பரிமாறிக்கொண்டபோது, இந்தியாவுக்குள் இருந்த 51 திட்டுகளின் மக்கள் ஒரே இரவில் இந்தியர் ஆனார்கள்.

இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாமா? ஓசிஐ அட்டை அதுதானே?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீங்கள் விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்த அந்த நொடியே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். தொடர்ந்து அதில் பயணம் செய்வது குற்றம். 2022இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் வாழ்நாள் விசா மாதிரி. வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. ஊரில் அப்பாவின் வயலை விலைகொடுத்து வாங்க நினைக்கும் ஓசிஐ அட்டைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரிசாக வருவதற்குத் தடை இல்லை, விலைக்கு வாங்குவதற்குத்தான் தடை.

ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட். இதில் எது குடியுரிமைக்கு ஆதாரம்?

ஆதார் ஆதாரம் ஆகாது. ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே வசித்தவர் எவரும், வெளிநாட்டவர் உட்பட, ஆதார் எடுக்கலாம். பீகார் வாக்காளர் பட்டியல் வழக்கில் 2025 செப்டம்பர் 8 அன்று ஆதாரையும் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், அது அடையாளத்துக்குத்தான், குடியுரிமைக்கு அல்ல என்று சேர்த்தே சொன்னது.

ரேஷன் கார்டும் பான் கார்டும் குடியுரிமைக்கு ஆதாரம் இல்லை. வாக்காளர் பட்டியலில் குடிமக்கள் மட்டுமே இருக்க முடியும் என்பதால் வாக்காளர் அட்டைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. ஆனாலும் அது முடிவான சான்று இல்லை. பாஸ்போர்ட் இவற்றைவிட வலுவானது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிறப்புச் சான்றிதழும், பிறந்த ஆண்டைப் பொறுத்து பெற்றோரின் ஆவணங்களும்தான். பிறப்பால் குடிமக்களாக இருப்பவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் என்று வழக்கமாக எதுவும் தரப்படுவதில்லை. ஆனால் ஒருவர் வெளிநாட்டவர் என்ற கேள்வி எழுந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் விழுகிறது. காகிதம் இல்லாத ஏழைக் குடும்பங்களை இது எப்படி வதைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. இப்போது வாங்க முடியுமா?

முடியும், எவ்வளவு வருடம் ஆனாலும்.

பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். கிராமத்தில் விஏஓவிடம், நகரத்தில் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு போதும். ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஓராண்டுக்கு மேல் என்றால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு.

வயதானவர்களுக்கு முயலும்போது முதலில் பிறந்த ஊரின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பல பேருக்குப் பதிவு இருக்கும், பெயர் இருக்காது. "ஆண் குழந்தை", தந்தை பெயர், தாய் பெயர், தேதி என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றில் தேதி வேறாக இருப்பதும் அப்பா பெயரின் எழுத்து மாறியிருப்பதும் சாதாரணம். பதிவே இல்லை என்றால் "பதிவு இல்லை" என்று ஒரு சான்று தருவார்கள்; அதை வாங்கி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு எதுவெல்லாம் இருக்கிறதோ அவற்றோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். பெயரில்லாப் பதிவில் பெயர் சேர்க்க 15 ஆண்டு வரம்பு உண்டு. குழந்தை வளரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஒரே சான்று.

குடிமக்களின் கடமைகள் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா?

இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் பிரிவு 51அ சேர்க்கப்பட்டது. ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது. 1977 ஜனவரி 3 முதல் நடைமுறை. அப்போது பத்து கடமைகள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோர் கடமை என்ற பதினோராவது, 2002இல் சேர்ந்தது.

கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவற்றைப் பலர் படித்ததே இல்லை. காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைக் காப்பது. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்டுச் சீர்திருத்தும் உணர்வையும் வளர்ப்பது. பொதுச்சொத்தைக் காப்பது, வன்முறையைக் கைவிடுவது. மத, மொழி, வட்டார வேறுபாடு கடந்த சகோதரத்துவம். பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது ஆகியவையும் அதில் உண்டு.

சாதி என்ற சொல் இந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. தீண்டாமை ஒழிப்பு பிரிவு 17இல் அடிப்படை உரிமையாகவே நிற்கிறது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து குடிப்பவர், கொடிக்கு எவ்வளவு விறைப்பாக வணக்கம் வைத்தாலும், சகோதரத்துவக் கடமையைச் செய்தவர் ஆகமாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கடமைகளைச் செய்யாவிட்டால் தண்டனை உண்டா?

51அ என்ற பிரிவின் கீழ் நேரடித் தண்டனை இல்லை. தண்டனை வைக்கலாம் என்று ஸ்வரண் சிங் குழு சொன்னது ஏற்கப்படவில்லை. ஆனால் தனித்தனிச் சட்டங்கள் உண்டு: தேசிய சின்னங்களை அவமதித்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினால் 1984ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டமும் 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், தீண்டாமைக்கு 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்.

கடமை என்ற பெயரில் மனசாட்சியை நெரிக்கவும் முடியாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. எழுந்து நின்றதே மரியாதை, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

வாக்களிப்பதும் வரி கட்டுவதும் அடிப்படைக் கடமைகளா?

இரண்டும் 51அவில் இல்லை. வரி கட்டுவதைச் சேர்க்கச் சொன்ன பரிந்துரை கைவிடப்பட்டது. வரி என்பது அந்தந்த வரிச் சட்டங்களால் வரும் கட்டாயம். இங்கே சம்பாதிக்கும் வெளிநாட்டவரும் கட்டுகிறார். வருமான வரி கட்டாதவர் வரியே கட்டவில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். கூலித் தொழிலாளியும் இந்த நாட்டின் வரி செலுத்துநர்தான்.

வாக்களிப்பது கட்டாயம் இல்லை. குஜராத் உள்ளாட்சித் தேர்தலில் கட்டாயமாக்கச் சட்டம் போட்டது. 2015இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. யாரையும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் இருக்கிறது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தருவது முதலாளியின் சட்டக் கடமை.

ஊரிலும் சென்னையிலும் பெயர் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கும் வாக்கு உண்டா?

இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை. வீடு மாறினால் படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்துப் பெயர் நீங்கி புதிய இடத்துக்கு மாறும். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6அ மூலம் சொந்த ஊர்ப் பட்டியலில் சேரலாம். வாக்களிக்க மட்டும் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

தேர்தலைத் தவிர குடிமக்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது?

நிறைய. கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

போனால் மூன்று காரியம் செய்யுங்கள். வரவு செலவு வாசிக்கப்படும்போது தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்: தெருவிளக்கு பராமரிப்புக்கு இவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுதுக்கு இவ்வளவு என்று. உங்கள் தெருவில் அந்த வேலை நடந்ததா என்று எழுந்து கேளுங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதற்கு உடன்படாதீர்கள். பெண்கள் பேசும் கிராம சபைகளில் தண்ணீரும் சாலையும் டாஸ்மாக்கும் நேராகக் கேள்விக்கு வருகின்றன.

பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வந்தால் உண்மையான பதில் சொல்வது சட்டக் கடமை. நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும் என்பது அதே சட்டத்தின் வாக்குறுதி.

என் மகளுக்கு 17 முடிந்துவிட்டது. இப்போதே என்ன செய்யலாம்?

படிவம் 6ஐ 17 வயதிலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி நான்கும் தகுதி நாட்கள். 18 நிறைந்தபின் வரும் அடுத்த தகுதி நாளில் பெயர் சேரும். வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆனது 1989இல்தான்.

விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். அவள் 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவள் என்பதால், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றோ பாஸ்போர்ட்டோ எதுவானாலும் அதன் நகலையும் அவள் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ அவளே நிரப்பிக் கொடுக்கட்டும்.